சோடாக்காரர் கட்டிப்போட்ட கடல்

அரியலூர்ப் பக்கத்தில் கடலை நேரில் பார்த்தவர்களே அந்தக் காலத்தில் கொஞ்சம் பேர்தான். அந்தக் கடலையே எடை போட்டு, பார்சல் சீட்டு ஒட்டி, ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டுக் கூடத்தில் கட்டிப்போட்ட மனிதர் ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருவர்தான். அவர் எங்கள் ஸ்டேஷன் ரோட்டில் கோலிசோடா போட்டுக்கொண்டிருந்தார். ஊர் அவரைச் சோடா என்றது. நான் மரியாதைக்குச் சோடாண்ணே என்பேன்.

யுத்த காலம். நான் ஸ்டேஷன் பார்சல் கொட்டகையில் மூட்டையை எடை போட்டுச் சீட்டு ஒட்டுகிற வேலையில் இருந்தேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவனில்லை. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. குளித்து விபூதி பூசி அம்மன் கோயில் வாசலில் ஒரு கும்பிடு போடாமல் டியூட்டிக்குப் போனதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கு இந்தப் பக்திதான் காரணம், அதனால் சொல்கிறேன்.

சோடாண்ணனுடைய கம்பெனி ஒரு கீற்றுக் கொட்டகை. உள்ளே ஒரு காஸ் சிலிண்டர், கையால் சுற்றுகிற மெஷின், நாலைந்து மரப்பெட்டிகள். காஸ் ஏற்றும்போது பாட்டில் வெடிக்கும் என்பதால் முகத்துக்கு இரும்புக் கம்பி வலையில் ஒரு மூடி போட்டுக்கொள்வார். போட்டால் கழற்ற மறந்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தவர் மணிச் சத்தம் கேட்டு அப்படியே கோயிலுக்கு ஓடிவிட்டார். அவர்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்; கோயில் என்றால் மாதா கோயில். நாக்கில் நன்மை அப்பம் வைக்க வந்த சாமியார், இந்த ஆளுக்கு வாய் எங்கே இருக்கிறது என்று வலையைச் சுற்றிச் சுற்றித் தேடினாராம்.

உலகத்து வியாதி அத்தனைக்கும் வாயுதான் மூலம் என்பது அவருடைய சித்தாந்தம். வயிற்று வலியா, சோடா. தலைவலியா, சோடா. மாமியார் மருமகள் சண்டை என்று யாரோ சொன்னதற்கு, "ஆளுக்கு ஒரு பாட்டில் குடு. குடிச்சு முடிக்கிற வரைக்கும் ரெண்டு பேர் வாயும் அடைஞ்சிருக்கும்ல?" என்றார்.

இவ்வளவு வைத்தியம் தெரிந்தவருக்குத் தன் வீட்டு வியாதிக்கு மருந்து இல்லை.

அவர் மனைவி சவரியம்மா நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவர். அப்பா தோணிக்காரர். பத்தொன்பது வயதில் தண்ணீர் இல்லாத இந்தச் செம்மண் சீமைக்கு வாழ வந்து, இரண்டு பிள்ளை பெற்று இரண்டையும் கல்லறைத் தோட்டத்துக்குக் கொடுத்தவர். இப்போது உடம்பில் நீர் கோத்துக்கொண்டு, கால் இரண்டும் உரல் மாதிரி வீங்கி, கட்டிலோடு கிடந்தார். டாக்டர் வந்து பார்த்து, காலில் விரலால் அழுத்தினார். அழுத்திய குழி எழும்பவே இல்லை.

"உப்பு ஒரு கல்லுகூடக் கூடாது. அசையக் கூடாது. ரயில் பிரயாணம் நினைக்கவே கூடாது."

"எத்தனை நாளைக்குங்க?" என்றார் சோடாண்ணே.

டாக்டர் கை கழுவத் தண்ணீர் கேட்டார். அதுவே பதில்.

கடற்கரைப் பெண்ணுக்கு உப்பில்லாச் சோறு. முதல் வாரம் முகம் சுளித்தார். இரண்டாவது வாரம் கிண்ணத்தைத் தள்ளினார். மூன்றாவது வாரம் வாயே திறக்கவில்லை. நான் அந்த வீட்டுக்கு ஒருநாள் போனபோது புருஷனுக்கும் பெண்சாதிக்கும் இப்படிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"ரெண்டு வாய் குடி, சவரி."

"இது கஞ்சியா? சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பு. எனக்கு வேணாம்."

"குடிக்காட்டி செத்துப் போயிருவடி."

"குடிச்சாலுந்தான் சாவேன். ஒரு தடவ கடலப் பாத்துட்டுச் சாவுறேனே. என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"டாக்டரு கூடாதுங்கிறாருல்ல?"

"அப்ப கஞ்சியும் கூடாது."

சோடாண்ணே கிண்ணத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் அந்தக் கம்பி வலை இருந்தது. "நீ போக முடியாட்டி என்ன? அது வரட்டும்," என்றார். "கடலுக்கு என்ன, டாக்டரு பத்தியமா சொல்லியிருக்காரு?"

இப்படித்தான் ஆரம்பித்தது.

மூடிப்போன பலகாரக் கடை ஒன்றிலிருந்து ஜிலேபி அடுக்கி வைக்கிற பெரிய கண்ணாடிப் பெட்டியை வாங்கி வந்தார். கிணற்று நீர் ஊற்றினார். நாலு மூலையிலும் ஒழுகியது. சுண்ணாம்பு வைத்துப் பார்த்தார், தார் வைத்துப் பார்த்தார். தார் ஒட்டியது பெட்டியில் இல்லை, அவர் தாடியில். கட்டிலிலிருந்து சவரியம்மா ஒரு நாள் முழுக்கப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "எங்கப்பா தோணிக்கு அடைக்கிற மாதிரி குங்கிலியத்தைப் பொடிச்சு எண்ணெயில காய்ச்சி, பஞ்சுல தோச்சு அடைங்க. சோடா போடுற மூளைக்கு இதெல்லாம் எங்க எட்டும்," என்றார். அடைத்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்த அம்மாள் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் கர்வத்தைப் பார்த்தேன்.

கடல் என்றால் தண்ணீரில் உப்பு, அவ்வளவுதானே என்பது சோடாண்ணனின் முதல் கணக்கு. கல்லுப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினார். எவ்வளவு உப்பு என்று யாருக்குத் தெரியும்? ஊரிலேயே கடல் நீரைக் குடித்து வளர்ந்த நாக்கு ஒன்றுதான் இருந்தது. அந்த நாக்குக்குத்தான் உப்புக் கூடாது. ஒரு சொட்டில் என்ன ஆகிவிடும் என்று சங்கில் எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனார்.

"வாயத் தொற. இது கடல் மாதிரி இருக்கா சொல்லு."

சவரியம்மா நாக்கை நீட்டினார். "இதா? ஊறுகாப் பானையக் கழுவின தண்ணி."

இரண்டு குடம் தண்ணீர் சேர்த்தார். மறுபடி ஒரு சொட்டு.

"இது அழுதவ கன்னத்த நக்கின மாதிரி இருக்கு. இன்னும் உப்பு வேணும்."

உப்பு சேர்த்தார். "சரியாத் தெரியல, இன்னும் கொஞ்சம் விடுங்க." தண்ணீர் சேர்த்தார். "கிட்ட வந்திருச்சு, ஆனா அது இல்ல." இப்படியே உச்சிப்பொழுது ஆகிவிட்டது. குடம் தூக்கியது நான். எத்தனையாவது தடவையோ, சோடாண்ணே சங்கோடு திரும்பியவர் ஏதோ தோன்றி எட்டிப் பார்த்தார். சவரியம்மா கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை மேலும் கீழும் நக்கிக்கொண்டு, ஜிலேபி தின்ற குழந்தை மாதிரி கிடந்தார்.

"அடிப்பாவி! ருசி பாருன்னா நீ விருந்தே சாப்பிடுறியாடி!"

சவரியம்மா சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது. "ஒரு மாசங் கழிச்சு இன்னிக்குத்தாங்க என் நாக்குக்கு உசிரு வந்துச்சு. கோவிச்சுக்காதீங்க."

சோடாண்ணே கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றுக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அன்று மாலை கால் வீக்கம் ஒரு விரற்கடை ஏறியிருந்தது. அதோடு வீட்டில் கடல் காய்ச்சுகிற யோசனை முடிந்தது. நிஜக் கடலையே கொண்டுவருவது என்று கிளம்பினார்.

எட்டு மண்ணெண்ணெய் டின். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போனவர், மூன்றாம் நாள் எட்டிலும் கடல் நீரோடு வந்து இறங்கினார். கையில் ஒரு மண்பானை, அதில் நாலு மடவை மீன் குஞ்சு. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர், திருச்சி, அங்கே வண்டி மாறி அரியலூர். வழி முழுக்கக் கொட்டாங்கச்சியால் பானைத் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே வந்தாராம். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் நனைந்து நனைந்து அடுத்த பெட்டிக்கே போய்விட்டார்கள்.

டின்களை நான் இறக்கி வைத்தேன். மண்ணெண்ணெய்க்கு ரேஷன் நடந்த காலம். எட்டு டின்னை மொத்தமாகப் பார்த்ததும் ஸ்டேஷனில் நின்ற ஏட்டையாவின் மீசை நிமிர்ந்துவிட்டது.

"என்னய்யா, கள்ள மார்க்கெட்டா?"

"கடலுங்க ஏட்டையா."

"என்னது?"

"கடலுங்க. எட்டு டின் கடல்."

ஏட்டையா ஒரு டின்னைத் திறந்து, விரலை விட்டு வாயில் வைத்து, தூவென்று துப்பினார். பிறகு அவருக்குச் சந்தேகம் இன்னும் பெரிதாகிவிட்டது. "உப்புத் தண்ணியக் காய்ச்சி உப்பு எடுக்கப் போறியா? நீ கதர்க்காரனா?"

"இல்லீங்க, சோடாக்காரன்."

"பின்ன எதுக்குய்யா இது?"

"எம் பொஞ்சாதி பாக்கணும்னாளுங்க."

ஏட்டையா என்னைப் பார்த்தார். நான் சவரியம்மாவின் நிலைமையை இரண்டு வார்த்தையில் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, ஒரு டின்னைத் தானே தூக்கிக்கொண்டு வண்டி வரைக்கும் வந்தார்.

மடவைக் குஞ்சுகள் பெட்டிக்குள் போயின. சவரியம்மாவின் கட்டிலைத் திருப்பிப் போட்டோம். அந்த அம்மாள் கண்ணைக் கொட்டாமல் பார்த்தார். ஒரு நாழிகை போயிருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"காத்துப் பத்தல," என்றார் சவரியம்மா.

காற்று என்ற சொல் சோடாண்ணன் காதில் விழுந்ததுதான் தாமதம், "அதுக்கு நான் எதுக்கு இருக்கேன்?" என்று கொட்டகைக்கு ஓடினார். காஸ் சிலிண்டரை உருட்டி வந்து ரப்பர் குழாயைப் பெட்டிக்குள் விட்டுத் திருகினார். கடல் சோடாவாகப் பொங்கியது. பார்க்க ரொம்ப அழகாகத்தான் இருந்தது. பொங்கி அடங்கியபோது நாலு மீனும் வயிற்றைக் காட்டி மிதந்தன.

சவரியம்மாதான், "ஏங்க, மீனுக்கு என்ன அசீரணமா?" என்றார். நாங்கள் மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அந்த அம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கும் கஞ்சி இறங்கவில்லை.

ஆனால் மறுநாளிலிருந்து நிர்வாகம் கட்டிலுக்கு மாறியது. படுத்த இடத்திலிருந்து சவரியம்மா உத்தரவு போடுவார், சோடாண்ணே ஓடுவார். தண்ணீரை அப்படியே விட்டு வைக்கச் சொன்னார். கரையில் மழைக்குப் பிறகு புதிதாக விழுகிற குட்டையில் மீன் தங்காதாம். கல்லில் வழுக்குப் பிடித்து, பாசி கட்டி, தண்ணீருக்கு ஒரு வயதாக வேண்டுமாம். அதற்காகக் கடற்கரைக் கல்லும் மணலும் நத்தையும் மட்டும் தனியாக ஒரு பயணத்தில் வந்தன. மீன் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பெட்டியில் கல்லைத் தவிர ஒன்றும் கிடையாது. ஊர் வந்து பார்த்துவிட்டு, "மீன் எங்கய்யா?" என்றது.

"தண்ணி இன்னும் சின்னப் புள்ள," என்பார் சோடாண்ணே. "பெரிசாவட்டும்."

வெயிலில் நீர் குறைந்தது. அவர் மிச்சமிருந்த கடல் நீரையே ஊற்றி நிரப்பினார். நத்தை இரண்டு செத்தது. "வெயிலு தண்ணியத்தான் குடிக்கும், உப்பக் குடிக்காது. குறைஞ்சதுக்கு நல்ல தண்ணி ஊத்தணும். இதுகூடவா தெரியாது?" என்று கட்டிலிலிருந்து திட்டு வந்தது. கண்ணாடியில் கரியால் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் குறைந்தால் கிணற்று நீர் என்று சட்டம் ஆயிற்று. காற்றுக்கு ஒரு பழைய லாரி ட்யூப். சைக்கிள் பம்பால் அதை உப்ப வைத்து, வாயில் கட்டிய மெல்லிய குழாயைத் தண்ணீருக்குள் விட்டால் நுரை நுரையாகக் காற்று போகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பம்பு அடிக்க வேண்டும். சோடா வாங்க வந்தவர்களையெல்லாம் முதலில் பத்து அடி அடிக்கச் சொல்லிவிட்டுத்தான் பாட்டில் கொடுப்பார். ஒரு தாசில்தார்கூட அடித்தார்.

இந்த நாட்களில் சவரியம்மா எதைக் குடித்து உயிர் வைத்திருந்தார் என்று கேட்டால், இளநீரும் பிடிவாதமும் என்றுதான் சொல்வேன். கைகள் குச்சியாகிவிட்டன. கால்கள் மட்டும் யாரோ வேறு ஆளுடையவை போலப் பெருத்துக் கிடந்தன.

அடுத்த பயணத்தில் கீச்சான் மீன் ஒன்று வந்தது. ஆள்காட்டி விரல் நீளம். வெள்ளி உடம்பில் வளைவு வளைவாகக் கறுப்புக் கோடு. கையில் பிடித்தால் கீச்சென்று கத்தும். ஆற்று முகத்திலும் கிடக்கும், கடலிலும் கிடக்கும், எதையும் தாங்குகிற ஜாதி என்று சவரியம்மாதான் சொல்லி அனுப்பியிருந்தார். பானையைப் பெட்டியில் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கலந்து, அரை நாள் கழித்துத்தான் மீனை விட்டார்கள். அது கல்லைச் சுற்றியது. கண்ணாடிக்கு வந்து கட்டிலைப் பார்த்தது. வாலை ஒரு வெட்டு வெட்டியது.

சவரியம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது.

"இது எத்தனை நாளைக்குங்க?"

"நீ கஞ்சி குடிக்கிற வரைக்கும்," என்றார் சோடாண்ணே.

"மாத்திச் சொல்றீங்க. அது உசிரோட இருக்கிற வரைக்கும் நான் குடிக்கிறேன். உப்பில்லாத கஞ்சி. வேளைக்கு ஒரு கிண்ணம். மாதா மேல சத்தியம்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு உயிருக்கு ஒரே கணக்கு. ஏரியில் பிடித்த இறாலைப் பொடிப்பொடியாகக் கிள்ளிப் போடுவார் சோடாண்ணே. கீச்சான் பாய்ந்து கவ்வும். "அது சாப்ட்டுடுச்சு, வாயத் தொற." ஒரு கரண்டி. மீன் சுணங்கினால் அந்த அம்மாளும் சுணங்குவார். ஒருநாள் டாக்டர் வந்து பார்த்து, நாடியைப் பிடித்துக்கொண்டே அந்த மீனை ரொம்ப நேரம் பார்த்தார். "என்ன மருந்து குடுக்கிறீங்க?" என்றார். சோடாண்ணே பெருமையாகப் பம்பைக் காட்டினார்.

இனி நான் என் பங்கைச் சொல்ல வேண்டும்.

நான் ரயில்வேக்காரன். திருச்சிப் பக்கமிருந்து வரும்போது வண்டி கொள்ளிடம் பாலத்தில் ஏறினால் பெட்டியிலிருக்கிற அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக ஒரு செம்புக் காசை ஆற்றில் போடுவோம். நதியென்றால் காணிக்கை. ஆற்றுக்கே அப்படியென்றால் எல்லா ஆறும் போய்ச் சேருகிற சமுத்திரத்துக்கு? அது என் கண் முன்னால் ஜிலேபிப் பெட்டியில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு உயிர் ஊசலாடுகிறது. ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே அந்த வீட்டுக்குப் போனேன். சோடாண்ணே கொட்டகையில் இருந்தார். சவரியம்மா கண்மூடிக் கிடந்தார். பெட்டிக்கு முன் நின்று, தாயே, இந்த அக்கா எழுந்து நடக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, ஒரு செம்புக் காலணாவைக் கல்லுக்குப் பின்னால் நழுவ விட்டேன். யாருக்கும் தெரியவேண்டாம் என்றுதான் கல்லுக்குப் பின்னால். அடுத்த வெள்ளி ஒன்று. அதற்கடுத்த வெள்ளி ஒன்று. பிறகு ஒரு சனிக்கிழமை என் பெண்டாட்டி, "உங்க அக்காவுக்கு முகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்குங்க," என்றாள். நான் மனதுக்குள் அம்மனுக்கு நன்றி சொன்னேன்.

அன்றைக்கே கீச்சான் இறாலைத் தொடவில்லை.

மறுநாள் கல்லோரமாகச் சாய்ந்து மூச்சு வாங்கியது. சோடாண்ணே ட்யூபை வெடிக்கிற அளவுக்கு அடித்தார். பாதித் தண்ணீரை மாற்றினார். சவரியம்மாவிடம் கேட்டார். அந்த அம்மாளுக்கும் தெரியவில்லை. "எல்லாம் சரியாத்தாங்க இருக்கு. ஏன்னு தெரியலியே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். திங்கட்கிழமை காலை டியூட்டிக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். மீன் மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. கறுப்புக் கோடெல்லாம் வெளுத்துவிட்டது. சோடாண்ணே பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் கம்பி வலை. இந்த முறை மறதியால் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. வலைக்குக் கீழே தாடி நனைந்திருந்தது.

பெட்டியைக் காலி செய்ய அவருக்கு ஒத்தாசை செய்தேன். கல்லைத் தூக்கினார். அடியில் மூன்று காசு. மூன்றும் பச்சைப் பசேலென்று களிம்பு பூத்து, சுற்றியிருந்த மணலும் பச்சை.

ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். சோடா மெஷின் வைத்திருப்பவருக்கு அதைவிட நன்றாகத் தெரியும். மெஷினுக்குள் ஈயப் பூச்சு தேய்ந்துவிட்டால் செம்பு கசிந்து குடித்தவனுக்கு வாந்தி எடுக்கும். சோடாண்ணே காசுகளை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். என்னைப் பார்க்கவே இல்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. எழுந்து கட்டிலுக்குப் போனார்.

"சவரி, எம் மேலதான் தப்பு. விடியக்கால பம்பு அடிக்காம அசந்து தூங்கிட்டேன். மூச்சு முட்டிச் செத்துப் போச்சு."

காசு என்னுடையது என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் கல்லைக் கழுவுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

சவரியம்மா புருஷனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "தூங்குமூஞ்சி," என்றார். "கல்யாணத்தன்னிக்கே கோயில்ல தூங்கின ஆளு. உங்களை நம்பி ஒரு மீன் வளருமா?" சத்தியத்தின் கணக்கு முடிந்துவிட்டது என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம்.

"என்ன நிக்கிறீங்க? கஞ்சியக் கொண்டாங்க."

"மீனு..."

"மீன் செத்தா நானும் பட்டினியா? நல்லாருக்கே நியாயம். கொண்டாங்க."

குடித்தார். உப்பில்லாத கஞ்சியை, ஒரு சொட்டு மிச்சமில்லாமல். அன்றைக்கு மட்டும் இல்லை. அதற்குப் பிறகு ஐந்து வாரம், ஒரு வேளை தவறாமல், முகம் சுளிக்காமல் குடித்தார். அது அவர் பசிக்காகக் குடித்த கஞ்சி இல்லை. குடிக்காமல் விட்டால் இந்த மனிதர் தரையில் உட்கார்ந்த இடத்திலேயே போய்விடுவார் என்று குடித்தது.

ஆனாலும் வீக்கம் ஏறிக்கொண்டே வந்து நெஞ்சைத் தொட்டது. டாக்டர் கடைசியாக வந்த அன்று பையைத் திறக்கவே இல்லை. "இனிமே என்ன கேக்குறாங்களோ குடுங்க. உப்புக்கூடப் போடலாம்," என்றார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தமென்று தெரியாதவர் யாரும் அங்கே இல்லை, படுத்திருந்தவர் உட்பட.

சோடாண்ணே தானே கஞ்சி காய்ச்சினார். தானே உப்புப் போட்டார். கை எவ்வளவு அள்ளியதோ. கரண்டியை வாயில் வைத்ததும் சவரியம்மாவின் புருவம் நெரிந்தது.

"இத்தன நாளு இல்லாத உப்ப ஒரே நாள்ல கொட்டியிருக்கீங்க. தூக்கல்."

"வேற காய்ச்சட்டுமா?"

"வேணாம். குடுங்க."

மூன்று கரண்டி உள்ளே போயிற்று. மறுநாள் மத்தியானம், கோயில் மணி அடிக்கிற வேளையில், தூங்குகிற மாதிரி போய்விட்டார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் சோடாண்ணே கல்லறைத் தோட்டத்து வேலியோரம் நின்றார். இரண்டு சின்ன மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மேடு. எனக்கு இதற்கு மேல் தாங்காது என்று தோன்றியது.

"அண்ணே, அந்தக் காசு..."

"நீ போட்டது. தெரியும்."

"எப்படிண்ணே?"

"கட்டில்லேருந்து அவ பாத்துக்கிட்டுத்தான் இருந்தா. நீ கண்ண மூடி உதட்ட அசைச்சதெல்லாம் பாத்திருக்கா. காசால கேடு வரும்னு அவளுக்குத் தெரியாது. மீன் செத்த அன்னிக்குப் பச்சையாப் போன காச நான் மடியில செருகினதப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிட்டா. நீ போனப்புறம் சொன்னா. 'அந்தத் தம்பி நமக்காவ அவங்க சாமிகிட்ட கேட்டுச்சுங்க. என் அண்ணந்தம்பிக யாராச்சும் வந்து எட்டிப் பாத்தானா? அதுகிட்ட ஒரு வார்த்த கேட்டுறாதீங்க. மனசுக்குள்ளயே அரிச்சிரும்'னா."

நான் அழுதேன். நடுத்தர வயதுக்குப் போய்க்கொண்டிருந்த ஆண்பிள்ளை, விபூதி கலைய, வேதக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தில் நின்று அழுதேன்.

"அழுவாத தம்பி," என்றார் சோடாண்ணே. "அந்த மீனு இல்லாட்டி அவ ஆடி மாசமே போயிருப்பா. எனக்குக் கூடுதலா நாலு மாசம் கெடச்சுது. ஒரு மனுசனுக்கு நாலு மாசம்னா சும்மாவா?"

யுத்தம் முடிகிற சமயம் அவர் மெஷினை விற்றுவிட்டு நாகப்பட்டினம் வண்டிக்குச் சீட்டு வாங்கினார். கையில் ஒரு பை, அவ்வளவுதான். எடை போட ஒன்றும் இல்லை. வண்டி நகரும்போது கையாட்டினார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

எனக்கு இப்போது ரிடையராகிப் பல வருஷம். காலையில் விளக்கேற்றி, எனக்கு வேண்டியவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அம்மனிடம் ஒப்படைப்பேன். அவர் முறை வரும்போது மட்டும் நாக்குத் தடுமாறும். ஞானஸ்நானத்தில் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ, அத்தனை வருஷப் பழக்கத்தில் நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. "எங்க சோடாண்ணன நல்லா வச்சிரு தாயே," என்றுதான் சொல்கிறேன். எந்தச் சோடா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.